உதடு தைக்கப் பிள்ளை சேர்த்தவள்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் இட்லி விற்ற அந்தோணிமேரிக்குக் கை முந்தும், வாய் பிந்தும். நாலு வார்த்தை திட்டிவிட்டு அப்புறம் அடிப்பதுதான் ஊர் உலக வழக்கம். அவள் அடித்துவிட்டுத்தான் திட்டுவாள். தின்றுவிட்டுக் கை கழுவுகிற சாக்கில் நழுவப் பார்த்த ஒரு மினி பஸ் டிரைவரை, இட்லி எடுக்கிற கரண்டியாலேயே பிடரியில் போட்டாள். அவன் "ஐயோ" என்று உட்கார்ந்த பிறகுதான், "துன்னுட்டு ஓடறியா, பன்னாட" என்று ஆரம்பித்தாள். இப்பேர்ப்பட்டவளை நம்பித்தான் கடல் தாண்டி வந்த டாக்டர்கள் பச்சைப் பிள்ளைகளைக் கையில் கொடுத்தார்கள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரிக்க வேண்டாம். அவள் பட்ட அடிகளைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

காணைக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அப்பா சவரிராயனும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். விழுப்புரத்தில் மூட்டை தூக்குகிற ஆரோக்கியராஜுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். 1993இல் ஆண் பிள்ளை பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. வாய்க்குள்ளே அண்ணமும் திறந்து கிடந்தது. பிள்ளையால் காம்பைக் கவ்வ முடியவில்லை. சங்கில் ஊற்றினால் பால் மூக்கு வழியே வந்தது. இப்படியொரு பிள்ளையைப் பார்த்தால் பெற்றவன் என்ன செய்ய வேண்டும்? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆரோக்கியராஜ் பெண்டாட்டியை அடித்தான்.

"கிரகணத்தன்னிக்கு அருவாமனைல குந்திக்கினு கத்திரிக்கா அரிஞ்ச இல்ல? அதான் என் புள்ள வாய அரிஞ்சிடுச்சி" என்றான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகணத்தில் கத்தியைத் தொட்டால் மூளி உதடு என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தோணிமேரிக்கே சந்தேகமில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்பை வயிற்றில் உதைத்தான். தலைமுடியைக் கையில் சுற்றிச் சுவரில் மோதினான். பால் இறங்காமல் பிள்ளை காய்ந்து செத்தது. சாவுக்கு வந்த சனம் பார்க்க, இன்னொரு தரம் அடித்தான். அவள் குழவிக்கல்லைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டுவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். அவன் அப்புறம் நொண்டிக்கொண்டுதான் திரிந்தான் என்று கேள்வி. நல்லது.

ஆனால் ஒரு நினைப்பு அவள் மண்டைக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. பிள்ளையின் வாய் நேராக இருந்திருந்தால் அவன் கை ஓங்கியிருக்க மாட்டான், குடும்பம் குடும்பமாக இருந்திருக்கும் என்பதுதான் அது. செத்துப்போன பிள்ளை மேலேயே அவளுக்குக் கோபம் இருந்தது. சகாயம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். அந்தப் பேரைச் சொல்லி அவள் அழுததே இல்லை.

சில வருஷம் கழித்து, ஒரு பொங்கல் முடிந்த வாரம், திண்டிவனத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு டாக்டர் குழு ஒன்று வந்து இறங்கியது. உதடு பிளந்த பிள்ளைகளுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்கிற தர்ம ஸ்தாபனம். வந்தவர்கள் யாரும் சம்பளம் வாங்கவில்லை, லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். அங்கே நர்ஸாக இருந்த சிஸ்டர் ஜெசிந்தா, வார்டில் தங்கியிருக்கிற தாய்மார்களுக்கு இட்லி கொண்டுவரச் சொல்லி அந்தோணிமேரியைக் கூப்பிட்டாள். இவள் தூக்குவாளியோடு போனாள். வார்டில் ஒரு கைப்பிள்ளை, மேலுதட்டில் எறும்பு வரிசை மாதிரி கறுப்புத் தையல், தாயின் மார்பில் வாய் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

அவள் வாளியைக் கீழே போட்டாள். சாம்பார் தரையெல்லாம் ஓடியது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த நெட்டை வெள்ளைக்கார டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "இத்தினி நாளு எங்கடா போயிருந்தீங்க? இவ்ளோ சுளுவா இது? என் புள்ள சாவற வரிக்கும் எங்கடா போயிருந்தீங்க?" என்று கத்தினாள். தமிழ் தெரியாத அந்த மனுஷர் நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அவள் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாளே சிஸ்டரிடம் போய் நின்றாள். "நான் புள்ளைங்கள இட்டாறேன். எனக்கு ஒண்ணும் தர வேணாம்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வருஷா வருஷம் பொங்கலுக்குப் பிறகு தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். காணை, வளவனூர், அந்தப் பக்கம் செஞ்சி ரோடு என்று ஊர் ஊராகப் போவாள். எந்த ஊரிலும் முதலில் தண்ணிக் குழாயடிக்குத்தான் போவாள். எந்த வீட்டில் பிள்ளையை வெளியே காட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று குழாயடிக்குத் தெரியாமல் இருக்காது. கதவைத் தட்டுவாள். சில வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். பல வீட்டில் விளக்குமாறு கிடைத்தது. ஒரு மாமனார்க்காரன் நாயை அவிழ்த்துவிட்டான். இன்னொருத்தன், வெள்ளைக்காரன் கிட்னியை எடுத்துவிடுவான் என்று சொல்லி இவள் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினான். தீக்குச்சி கிழிப்பதற்குள் இவள் செருப்பு அவன் மூக்கை உடைத்துவிட்டது. ரத்தம் ஒழுக நின்றவனிடமே, "மூக்கு உடைஞ்சதுக்கே இப்டி கத்தறியே, உன் புள்ள பொறந்ததுல இருந்து உடைஞ்ச மூக்கோட கீது, இன்னா பண்ணப் போற?" என்று கேட்டாள். மறுநாள் அவனே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திண்டிவனம் வந்தான்.

பிள்ளையின் தாயைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுவாள். எல்லாத் தாயிடமும் ஒரே வார்த்தை. "உதடு சேந்துச்சின்னா உன் புருசன் கையும் தானா அடங்கிடும். என்ன நம்பு." அடிபட்டுப் பழகிய பெண்கள் அந்த வார்த்தைக்காகவே கிளம்பி வந்தார்கள்.

தையல் பிரித்து, கட்டெல்லாம் எடுத்த பிறகு, அவளே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் ஊரில் விடுவாள். சும்மா விடமாட்டாள். பிள்ளையின் தலைக்கு மேல் துண்டைப் போட்டு மூடி, குழாயடியில் சனம் நிற்கிற நேரம் பார்த்து நடுத் தெருவில் நின்று துண்டை உருவுவாள். "பாருங்கடி! எவளாவது இனிமே கிரகணம் கிரகணம்னு பேசினீங்க, நாக்க இழுத்து வச்சி அறுத்துருவேன்" என்பாள். தெருவுக்குக் காட்டுதல் என்று அதற்கு ஆஸ்பத்திரியில் பேரே வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தாய்மார்கள் யாரும் அவளைத் தேடி வந்ததில்லை. அந்த வராததையே அவள் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள். நன்றாக இருப்பதால்தானே வரவில்லை? இப்படி நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டினாளே, அதைத்தான் என்னவென்று சொல்வது!

2006இல் வளவனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் செண்பகத்தைப் பார்த்தாள். புருஷன் பேர் விருத்தாசலம். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் ஓட்டினான். பிள்ளை பொன்னிக்கு இரண்டு வயசு முடியப் போகிறது. பிளந்த உதட்டோடு இருட்டு மூலையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தது. செண்பகத்தின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"எதுக்குடி அடிச்சான்?"

"கொழந்தையப் பாக்கும்போதெல்லாம் அடிப்பாருக்கா. உன்னாலதான் இப்டி ஆச்சின்னு சொல்லி அடிப்பாரு."

இது அந்தோணிமேரிக்குப் பழைய பாட்டு. தன்னுடைய பாட்டு. "நான் இட்டுக்கினு போறேன். உதடு சேந்துச்சின்னா கை அடங்கிடும். என்ன நம்பு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே விருத்தாசலம் வந்துவிட்டான். கையில் ஒரு முழுக் கரும்பு.

"யாரு நீ? கிட்னி திருடற கூட்டமா?" என்றான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கரும்பை ஓங்கி அவள் தோளில் இறக்கினான். கரும்பு இரண்டாக முறிந்தது. மிச்சத்தால் முகத்தில் அடித்தான். அவள் கீழே விழுந்த இடத்திலிருந்தே அவன் காலைப் பிடித்து ஆடுசதையில் கடித்தாள். விடவில்லை. அவன் மற்ற காலால் அவள் விலாவில் உதைக்க உதைக்க, அவள் நாய் கவ்வியது போலக் கவ்விக்கொண்டு கிடந்தாள். ஊர்ச்சனம் வந்து பிரித்தது. எழுந்து நின்று வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினாள். அது அவன் ரத்தம்.

இரண்டு நாள் கழித்து அவன் ஆலைக்கு லோடு எடுத்துப் போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக் குப்பம்மாளை வழி பார்க்கச் சொல்லிவிட்டு, செண்பகத்தையும் பொன்னியையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி விழுப்புரம் கொண்டுவந்து, அங்கிருந்து திண்டிவனம் பஸ் பிடித்தாள். வழியெல்லாம் செண்பகம் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடி நடந்தது. மயக்கம் தெளிந்த பிள்ளையின் முகத்தைச் செண்பகம் பார்த்தாள். வீங்கியிருந்தாலும் உதடு உதடாக இருந்தது. "இது என் கொழந்தையாக்கா?" என்று மூன்று தரம் கேட்டாள். பிள்ளை கையைத் தூக்கித் தையலைப் பிய்த்துவிடக் கூடாது என்று, இரண்டு முழங்கையும் மடங்காதபடி அட்டை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பொன்னி இரண்டு கையையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு அழுதது. "தையல் பிரிக்கற வரிக்கும் இந்தக் கட்ட அவுக்கக் கூடாது. வாயில லேசா ஒரு இடி பட்டாலும் தையல் வுட்டுப்போவும். புரியுதா?" என்று சிஸ்டர் ஜெசிந்தா சொன்னாள்.

நாலாம் நாள் குப்பம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். "அடியே செண்பகம், உன் புருசன் வேற பொண்ணு பாக்கறான்டி. ஓடிப்போனவ எனக்கு வேணாம்ன்றான். வர்ற வெள்ளிக்கெழமை தாலி கட்டப் போறானாம்."

செண்பகம் கட்டிலை விட்டு எழுந்துவிட்டாள். சிஸ்டர் தடுத்தாள். தையல் பிரிக்காமல், கைக்கட்டோடு பிள்ளையை ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். அந்தோணிமேரி கேட்டாளா? அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. உதடு சேர்ந்துவிட்டது, அதை அந்தப் பயல் ஒரு தரம் கண்ணால் பார்த்தால் போதும், கல்யாணமாவது கத்திரிக்காயாவது! "மூஞ்சக் காட்டிட்டு அப்டியே இட்டுக்கினு வந்துடறேன் சிஸ்டர், ஜல்தியா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். இத்தனை வருஷமும் தெருவுக்குக் காட்டுவதைக் கட்டெல்லாம் அவிழ்த்த பிறகுதான் செய்திருக்கிறாள். அந்த ஒரு தரம் முந்திக்கொண்டாள்.

குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். கரும்பு வெட்டிவிட்டு வந்த ஆண்கள் டீக்கடையில் இருந்தார்கள். பிள்ளையின் முகத்தை மூடி, பெரிய துண்டைப் போட்டுத் தூக்கிக்கொண்டு அந்தோணிமேரி நடுத் தெருவில் வந்து நின்றாள். துண்டை உருவுவதற்குள் பொன்னி உதறியது. முகம் மூடியபடியே இருக்க, கீழ்ப்பக்கம் துண்டு விலகியது. வெள்ளைத் துணி சுற்றிய இரண்டு கைகள், கட்டை மாதிரி விறைத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

"ஐயையோ! கொழந்த கைய வெட்டிட்டாங்களே!" என்று ஒருத்தி அலறினாள். அவ்வளவுதான்.

முதல் குடம் அவள் தலையில் விழுந்தது. பித்தளைக் குடம். பிள்ளையைச் செண்பகத்திடம் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் டீக்கடை ஆட்கள் வந்துவிட்டார்கள். புடவையைப் பிடித்து இழுத்தார்கள். முகத்தில் குத்தினார்கள். யாரோ கரும்பு வெட்டுகிற கத்தியின் பிடியால் வாயில் இடித்தான். உதடு கிழிந்து இரண்டு பல் வெளியே வந்தது. கரண்ட் கம்பத்தோடு சேர்த்து வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். விருத்தாசலம் எங்கிருந்தோ ஓடி வந்து டிராக்டர் ரப்பர் டியூபால் வாங்கு வாங்கென்று வாங்கினான். "கொழந்த எங்கடி? என் கொழந்த கை எங்கடி?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். "மூஞ்சப் பாருடா! மொதல்ல மூஞ்சப் பாரு!" என்று அவள் கத்தியது உடைந்த வாயிலிருந்து யாருக்கும் புரியவில்லை.

குப்பம்மாள்தான் கூட்டத்தில் புகுந்து பிள்ளையின் முகத்துத் துண்டை எடுத்தாள். "அடப் பாவிங்களா, வாய் சேந்துடுச்சிடா! கொழந்தைக்கு வாய் சேந்துடுச்சி! கையும் பத்திரமா கீது, கட்டித்தான் வச்சிக்கிறாங்க!" என்று கூவினாள்.

எல்லாரும் பார்த்தார்கள். உதடு முழுசாக இருந்தது. ஆனால் அடி உடனே நிற்கவில்லை. கை ஓங்கியவன் ஓங்கியதை இறக்கினான். பின்னால் நின்றவன் தன் பங்குக்கு ஒன்று வைத்தான். அடிக்க ஆரம்பித்துவிட்ட கூட்டத்துக்குக் காரணம் போனாலும் கை நிற்காது. அப்புறம்தான் ஒவ்வொருவராக விலகினார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். டீக்கடைக்காரன் தண்ணீர் கொண்டுவந்தான். விருத்தாசலம் பிள்ளையை வாங்கி, முகத்தை உற்றுப் பார்த்து, தெருவென்றும் பாராமல் ஓவென்று அழுதான். "என் கண்ணு, என் ராசாத்தி" என்று கொஞ்சினான். கம்பத்தடியில் சரிந்து கிடந்த அந்தோணிமேரி அதைப் பார்த்துச் சிரித்தாள். பல் போனால் போகட்டும், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அவள் உதட்டை அந்த நெட்டை டாக்டரே தைத்தார். போலீசுக்குப் போகலாம் என்று சிஸ்டர் சொன்னதற்கு, "வேணாம் சிஸ்டர், அவன் கட்டிக்கறதா இருந்த பொண்ணையே வேணாம்னுட்டானாம், குப்பம்மா சொன்னா" என்றாள். வீங்கிய வாயில் கேப்பைக் கூழை உறிஞ்சிக்கொண்டே வார்டில் இருந்த தாய்மார்களிடம் எல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்தாள்.

பிள்ளையோடு புருஷன் வீட்டிலேயே தங்கிவிட்ட செண்பகம், தையல் பிரிக்கிற நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சிஸ்டர் கவலைப்பட்டாள். அந்தோணிமேரி முகத்துக் கட்டோடு வளவனூருக்குப் பஸ் ஏறினாள்.

விருத்தாசலம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் பொன்னியை வைத்திருந்தான். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பிள்ளையின் முகத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். கைக்கட்டு பத்திரமாக இருந்தது. இவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். "வாங்கக்கா. தெரியாம அடிச்சிட்டேன், மன்னிச்சிக்கங்க" என்றான். உள்ளே போய் ஒரு தட்டில் புதுப் புடவை, வாழைப்பழம், வெற்றிலை வைத்து எடுத்து வந்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"செண்பகம் எங்க?" என்றாள்.

"உள்ளதான் கீறா."

உள்ளே போனாள். செண்பகம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திருப்பினால், முதலில் பார்த்தபோது வீங்கியிருந்தது இடது கண். இப்போது இரண்டும். ஒரு கை மணிக்கட்டில் வீங்கித் தொங்கியது.

"இன்னாடி இது? உதடுதான் சேந்துடுச்சே!"

செண்பகம் குரலே எழாமல் சொன்னாள். "சேந்துடுச்சிக்கா. முன்ன கொழந்த வாயப் பாத்தா அடிப்பாரு. சொல்லாம போனதுக்கு நேத்து அடிச்சாரு. கொழம்புல உப்பு கூடிப்போச்சின்னு முந்தாநாளு. இப்ப காரணம் தேடறதுக்குத்தான் கொஞ்ச நேரம் ஆவுது. மத்தபடி அதே அடிதான்."

அந்தோணிமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆரோக்கியராஜின் முகம் அவள் கண்முன் வந்தது. கிரகணம் இல்லாவிட்டால் உப்பு. உப்பு இல்லாவிட்டால் வேறு ஒன்று. அவன் கை ஓங்கியது பிள்ளையின் வாயைப் பார்த்து அல்ல. அந்தப் பச்சை மண் ஒரு பாவமும் செய்யவில்லை. அதன் மேலேயா இத்தனை வருஷம் கோபம் வைத்திருந்தோம்! "சகாயம், ஏ சகாயம்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டு, மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தெருவுக்குக் காட்டிவிட்டு வந்த அத்தனை வீட்டுத் தாய்மார்களும் நன்றாக இருப்பதால் வராமல் இருந்தார்களா? எத்தனை பேருக்கு என்ன வாக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்?

அழுகை நின்றதும் மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தட்டை ஓர் உதை விட்டாள். புடவை சாக்கடையில் விழுந்தது. விருத்தாசலம் பிள்ளையைக் கட்டிலில் இறக்கிவிட்டு எழுந்தான்.

"இன்னா இது பேஜாரு? கொழந்தைய நல்லாக்கின, கையெடுத்துக் கும்புட்டேன். அதோட போ. என் பொண்டாட்டி, நான் அடிக்கறேன். நீ யாரு கேக்க?" என்றான்.

உலக்கை அவன் தோள்பட்டையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அவன் மற்ற கையால் அவள் கழுத்தைப் பிடித்துக் கட்டில் காலில் மோதினான். தையல் போட்ட உதடு பிய்ந்து, ரத்தம் மார்பு வரைக்கும் வழிந்தது. அவள் உலக்கையை விட்டுவிட்டு அவன் முறிந்த தோளையே பிடித்து நசுக்கினாள். அவன் ஊளையிட்டான். தெரு கூடியது. இந்தத் தடவை யாரும் கிட்டே வரவில்லை.

செண்பகம் வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து பொன்னியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "வாங்கக்கா போலாம்" என்றாள். விருத்தாசலம் பாய்ந்து பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தான். பொன்னி வீறிட்டது. உதட்டுத் தையல் இழுபடுவது வாசலில் நின்றவர்கள் கண்ணுக்கே தெரிந்தது.

"வுடுங்க. கொழந்த வாய் கிழியுது" என்றாள் செண்பகம்.

அவன் விடவில்லை.

அவள் குனிந்து, வாசலில் கிடந்த செங்கல்லை வீங்காத கையால் எடுத்து, பிள்ளையின் காலைப் பிடித்திருந்த அவன் விரல்கள் மேலே அடித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனைத் திருப்பி அடித்தது அதுதான் முதல் தடவை. அவன் நம்பாமல் அவளைப் பார்த்தான். அவள் மறுபடியும் அடித்தாள். அவன் விட்டான்.

அப்புறம் ஸ்டேஷன், கேஸ் என்று கொஞ்ச காலம் அலைந்தார்கள். இரண்டு பேர் உடம்பிலும் இருந்த காயத்தைப் பார்த்த பெண் இன்ஸ்பெக்டர், தோள் உடைந்தவன் பக்கம் அதிகம் சாயவில்லை. பொன்னியின் தையல் தப்பித்தது. அந்தோணிமேரியின் உதட்டை டாக்டர் மறுபடி தைத்தார். அவள் கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னார். இன்னொரு தடவை வந்தால் ஜிப் வைத்துவிடுவேன் என்கிறார் என்று சிஸ்டர் சொன்னாள். செண்பகம் இட்லி வண்டியில் கூட நின்றாள். விருத்தாசலம் இரண்டு ஆட்களோடு ஒரு நாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அவள் முடியைப் பிடித்தான். இட்லிப் பானையில் கொதித்த தண்ணீர் அப்படியே அவன் முழங்கைக்கு மேல் போயிற்று. ஊற்றியது அந்தோணிமேரியா செண்பகமா என்று அங்கே இட்லி தின்றுகொண்டிருந்த யாரும் கடைசிவரை சொல்லவில்லை. அவன் அப்புறம் வரவில்லை.

அடுத்த பொங்கல் முடிந்து குழு வந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம், 2013 வரைக்கும் வந்தது. அந்தோணிமேரி பிள்ளைகளைக் கூட்டி வருவதை நிறுத்தவில்லை. தாய்மார்களிடம் சொல்கிற வார்த்தையைத்தான் மாற்றிக்கொண்டாள்.

வார்த்தையை மாற்றிய முதல் வருஷம், காணைக்கு அந்தப்புறம் ஒரு கல்லுடைக்கிற ஊரில், சின்னபொண்ணு என்கிறவள் கைப்பிள்ளையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் உதட்டில் பிளவு. தாயின் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. ஆபரேஷனைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தச்சிட்டா அவரு என்ன அடிக்கமாட்டாரு இல்லக்கா?" என்றாள்.

அந்தோணிமேரிக்குப் பழைய வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் இவள் உடனே கிளம்புவாள். சொல்லாவிட்டால் ஒருவேளை வராமலே போவாள், பிள்ளை இப்படியே கிடக்கும்.

"அடிப்பான்" என்றாள்.

சின்னபொண்ணு அவளையே பார்த்தாள்.

"இந்த ஆப்ரேசன் கொழந்தைக்கு. உன் புருசனுக்கு இல்ல. அவன் அடிக்கறது உன் கொழந்த வாயால இல்ல, நீ கிரகணத்துல காயரிஞ்சதால இல்ல. அவன் அடிக்கறவன், அதனால அடிக்கறான். கொழந்தைய தச்சிக்கினு இங்கயே திரும்பி வரணும்னாலும் நானே இட்டாந்து வுடறேன். வர வேணாம்னா, திண்டிவனத்துல எங்க வூடு கீது. சின்ன வூடுதான். ஏற்கெனவே ஒருத்தியும் அவ பொண்ணும் கீறாங்க. நெருங்கிப் படுத்துக்கலாம்."

சின்னபொண்ணு பிள்ளையை அந்தோணிமேரி மடியில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கிற சத்தமும் பாத்திரம் உருள்கிற சத்தமும் கேட்டது. நேரமாயிற்று. பஸ் போய்விடுமே என்று அந்தோணிமேரி எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் தங்க இரண்டு புடவை போதும். சின்னபொண்ணு வீட்டில் இருந்த துணி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருந்தாள்.